பதினாறு மணி நேரம்

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நேரடி விமானத்தில் பதினாறு மணி நேரம். காற்று எதிர்த்து அடித்தால் கொஞ்சம் கூடும், பின்னாலிருந்து தள்ளினால் கொஞ்சம் குறையும். இதை நான் எதையும் பார்க்காமலே சொல்வேன். சென்னை, கவுகாத்தி, திருவனந்தபுரம், எந்த ஊரைக் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன் என்பாள் என் மனைவி.

என் வேலை அப்படி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பயணப் பில்களைச் சரிபார்க்கும் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம். யார் எங்கே போனாலும், எந்த வழியாகப் போனார், அதுதான் இருப்பதிலேயே குறுகிய வழியா என்று பார்க்க வேண்டும். ‘ஷார்ட்டெஸ்ட் ரூட்’ என்று இரண்டே வார்த்தை. அதை வைத்துக்கொண்டு பெரிய பெரிய அதிகாரிகளையெல்லாம் படாத பாடு படுத்தியிருக்கிறேன். கவுகாத்திக்குப் போக வேண்டிய ஒருவர் கல்கத்தா வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருந்தார். விசாரித்தால் அங்கே மாமியார் வீடு. சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். மனிதர் நேராக என் மேஜைக்கே வந்துவிட்டார். போய்ச் சேர்ந்தேனா இல்லையா, அதைப் பாருங்கள் என்று இந்தியில் கத்தினார். “நீங்கள் எப்போது போய்ச் சேர்ந்தீர்கள் என்பது என் விஷயமில்லை சார், எந்த வழியாகப் போனீர்கள் என்பதுதான் என் விஷயம்” என்றேன். பிரிவே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குக் ‘கிலோமீட்டர் பாபு’ என்று பெயர். எனக்கு அதில் பெருமைதான். சும்மா சொல்வானேன்.

அலுவலகத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று மற்றவர்களுடைய பெண்டாட்டிகள் சொல்வது ஃபைலைப் பற்றி. என் மனைவி சொன்னது இந்தக் கிலோமீட்டரைப் பற்றி. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து கோல் மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போனால்கூட எந்தச் சாலையில் திரும்ப வேண்டும் என்று ஆட்டோக்காரரோடு சண்டை போடுவேன். “பையா, நீங்க உங்க இஷ்டத்துக்குப் போங்க, இவுக அப்பிடித்தான்” என்று அவள் பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் அவரைச் சமாதானப்படுத்துவாள்.

வருஷத்துக்கு ஒரு தரம் திருநெல்வேலிக்கு ரயிலில் போவோம். நேர் வண்டி. வண்டி மதுரையில் கொஞ்ச நேரம் நிற்கும். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவாள். “ஒரே ஒரு தடவ எறங்கி மீனாட்சியப் பாத்துட்டு அடுத்த வண்டியில போவமே” என்பாள். “நேர் டிக்கெட் எடுத்துட்டு எதுக்குட்டி நடுவுல எறங்கணும்?” என்பேன். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இறங்கவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்து, கடைசிப் பத்து வருஷம் அவளும் கேட்கவில்லை.

எங்களுக்கு ஒரே பெண். டெல்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள், கோபம் வந்தால் இந்தி. அவளுக்கு சான் பிரான்சிஸ்கோவில் வேலை கிடைத்தபோது என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, இந்தப் பக்கம் டெல்லி, அந்தப் பக்கம் சான் பிரான்சிஸ்கோ, நடுவில் கிலோமீட்டர், கீழே நேரம் என்று எழுதி அவளுக்கு விளக்கினேன்.

“பதினாறு மணி நேரந்தாம்ட்டி. நம்ம ஊருக்கு ரயில்ல போக ரெண்டு நாள் ஆகுது. கணக்குப் பாத்தா திருநெல்வேலிய விட அமெரிக்கா பக்கம்.”

“ஆமா, ரொம்பப் பக்கம். கஞ்சிக்கு உப்பு இல்லன்னா ஓடிப் போயி வாங்கிட்டு வந்துரலாம்” என்றாள்.

கிண்டல் செய்தாளே தவிர, அந்தக் கணக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மாடிக் குடியிருப்புப் பெண்கள், ஜனக்புரியில் இருக்கும் அவள் தம்பி வீட்டுக்காரர்கள், யார் ‘பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டீர்களே’ என்று கேட்டாலும் ஒரே பதில்தான். “பதினாறு மணி நேரம். கூப்பிட்டா வந்துருவா.” அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

போன கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை காலை, டீ போட்டுக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அடுப்பை அணைத்தாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்னமோ செய்கிறது. வேர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெரிய மாரடைப்பு என்றார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இதயம் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும், வெளியூரில் யாராவது இருந்தால் வரச் சொல்லிவிடுங்கள் என்றார்.

நான் தாழ்வாரத்திலேயே நின்று மகளைக் கூப்பிட்டேன். அங்கே நம்மை விடப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால். அவளுக்குத் திங்கட்கிழமை விடிகாலை. தூக்கக் கலக்கத்தில் எடுத்தாள். சொன்னேன். டிக்கெட் பார்க்கிறேன் என்றாள். பிறகு வைத்துவிட்டு, கால் மணி நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

“அப்பா, ரெண்டு ஃபிளைட் காட்டுது. ஒண்ணு இன்னைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு. ரெண்டு இடத்துல மாறணும், மொத்தம் இருபத்தேழு மணி நேரம். இன்னொண்ணு டைரக்ட், நாளைக்குக் காலைல பத்தரைக்கு. பதினாறு மணி நேரம். எதைப் போடட்டும்?”

“இதுல என்ன கேள்வி? இருபத்தேழு எங்க, பதினாறு எங்க? டைரக்ட் போடு.”

“ஆனா அப்பா...”

“ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. ஊரெல்லாம் சுத்திக்கிட்டு வரணுமா? அம்மா இங்க இப்பிடிக் கெடக்கா. டைரக்ட் போடுட்டி.”

“அச்சா அப்பா” என்று வைத்துவிட்டாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருந்தது? ஒரு பில்லை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தள்ளுவதற்கு எனக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவைப்படாது.

அதே தாழ்வாரத்தில் ஒரு சர்தார்ஜி நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான். அவருடைய அம்மா என் மனைவிக்கு அடுத்த கட்டிலில் இருந்தாள். அவரும் அப்போதுதான் வான்கூவரில் இருக்கும் மகனைக் கூப்பிட்டு முடித்திருந்தார். உங்கள் பெண் எப்படி வருகிறாள் என்று கேட்டார். நேரடி விமானம், பதினாறு மணி நேரம் என்றேன். கெட்டிக்காரர்கள் என்றார். தன் பையனுக்கு அன்றைக்கு நேர் விமானம் கிடைக்கவில்லை, மூன்று விமானம் மாறிச் சுற்றிச் சுற்றி வருகிறான், எப்போது வந்து சேருவானோ வாஹேகுருவுக்குத்தான் தெரியும் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவசரத்துக்குச் சுற்றுவழி உதவாது என்று அவருக்கு நான் புத்தி சொன்னேன். அந்த நிலைமையிலும் சொன்னேன். என் வாய் அப்படி.

செவ்வாய்க்கிழமை முழுக்க என் மனைவியை மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். நான் போய்க் கட்டிலருகே நின்றுவிட்டு வருவேன். வெளியே புகைமூட்டம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மரம்கூடத் தெரியவில்லை. மச்சினன், அதாவது அவள் தம்பி, இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சாப்பிட்டேன். ருசி இருந்ததா இல்லையா தெரியவில்லை. எனக்குப் பயம்கூட வரவில்லை. பெண் வந்துகொண்டிருக்கிறாள், பதினாறு மணி நேரம் என்று மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, காத்திருக்கும் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். ஓர் இளைஞன் முதுகில் பையோடு ஓடிவந்தான். சர்தார்ஜி எழுந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். வான்கூவர் பையன். மூன்று விமானம் மாறி, அரை உலகத்தைச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டான். சர்தார்ஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “உங்கள் பெண்ணும் வந்திருப்பாளே, எங்கே?” என்று கேட்டார். வெறும் அக்கறையாகத்தான் கேட்டார்.

நான் சட்டைப்பையிலிருந்து மருந்துக்கடைச் சீட்டை எடுத்தேன். அதன் பின்பக்கத்தில், பில்லில் போடுவதுபோலவே இரண்டு பத்தியாக எழுதினேன். அங்கே திங்கள் மத்தியானம் ஒரு மணி என்றால் இங்கே செவ்வாய் விடிகாலை இரண்டரை. அதோடு இருபத்தேழு. புதன் காலை ஐந்தரை. அடுத்த பத்தி. அங்கே செவ்வாய் காலை பத்தரை என்றால் இங்கே செவ்வாய் நள்ளிரவு பன்னிரண்டு. அதோடு பதினாறு. புதன் மாலை நான்கு.

இன்னொரு தடவை போட்டேன். அதே விடைதான்.

சுற்றுவழியில் வந்திருந்தால் என் மகள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே டெல்லியில் இறங்கியிருப்பாள். குறுகிய வழியில் வருவதால் அவள் இன்னும் ஏதோ கடலுக்கு மேலே இருந்தாள். முப்பத்திரண்டு வருஷமாக எத்தனையோ ஆயிரம் பில்லில் எவ்வளவு நேரப் பயணம் என்று பார்த்திருக்கிறேன். கிளம்புகிற நேரத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. வழியைச் சரிபார்க்க அது தேவையே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. நான் போடவில்லை. சீ, நானும் ஒரு மனுஷன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டினேனே தவிர உள்ளே ஒன்றும் அசையவில்லை. நெடுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகு கால் மரத்துப்போகுமே, தட்டினால் தட்டுவது மட்டும் தெரியும், அப்படி இருந்தது.

ஏழு மணிக்கு உள்ளே விட்டார்கள். அன்று பார்த்து அவள் கண் விழித்திருந்தாள். நர்ஸ் அவள் முகத்திலிருந்த ஆக்ஸிஜன் முகமூடியை லேசாகத் தூக்கிவிட்டு, கொஞ்சம்தான் பேச வேண்டும் என்றாள்.

“பிள்ள எங்க?”

“வந்துக்கிட்டு இருக்கா.”

“இன்னைக்கு என்ன கெழம?”

“புதன்.”

அவள் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள்.

“திங்கக்கெழமையே சொல்லியாச்சுல்லா?”

“சொல்லியாச்சு.”

“பதினாறு மணி நேரம்னுதான சொன்னீய?”

கைபேசியை எடுத்து, விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் படத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். நீலப் பரப்பில் ஒரு சின்ன மஞ்சள் விமானம். “பாரு, இந்தா வாரா. நாலு மணிக்கு எறங்கிருவா” என்றேன். அவள் அதைப் பார்த்தாள். விரலைத் தூக்கித் தொடப் பார்த்தாள், ஊசி குத்தியிருந்த கை, தூக்க முடியவில்லை. “சரி, சாப்டுட்டு வந்தாளான்னு கேளுங்க” என்றாள். நர்ஸ் முகமூடியைப் போட்டுவிட்டாள்.

பதினொன்று பத்துக்குப் போய்விட்டாள்.

மச்சினன் வந்து மற்ற காரியங்களைப் பார்த்தார். கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் போட்டேன். நடுவில் ஒருமுறை கைபேசியைப் பார்த்தேன். மஞ்சள் விமானம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதற்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு இன்னும் அம்மா இருந்தாள். அதை நினைத்துப் பார்த்தேன். நினைக்க முடிந்தது, அழ முடியவில்லை.

மகளைக் கூட்டிவர மச்சினன்தான் விமான நிலையத்துக்குப் போனார். வீட்டுக் கூடத்தில் என் மனைவியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். ஆறு மணிக்கு மகள் உள்ளே வந்தாள். பெட்டியின் கண்ணாடிமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா அம்மா என்று கொஞ்ச நேரம், பிறகு வார்த்தையில்லாமல் வெகுநேரம். கண்ணாடியில் அவள் மூச்சு படிந்து அம்மாவின் முகம் மறைந்தது. அவளே துப்பட்டாவால் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள். நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை எடுத்தோம். கொள்ளி நான்தான் வைத்தேன். மகள் வாய்க்கரிசி போட்டாள். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் மச்சினனுக்கு மனசு தாங்கவில்லை. எல்லோரும் இருக்கும்போதே கேட்டுவிட்டார்.

“ஏம்மா, வேற ஃபிளைட்டே கெடைக்கலியா? திங்கக்கெழம சொன்னதுக்குப் புதன்கெழம சாயங்காலமா? அக்கா கண்ணு முழிச்சுக் கேட்டிருக்காளே.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இல்ல மாமா. இதான் இருக்கிறதுலயே ஜல்தி வர்ற ஃபிளைட். அப்பாதான் பாத்துச் சொன்னாங்க. இல்லன்னா இன்னும் லேட்டாயிருக்கும்.”

மச்சினன் என் தோளைத் தட்டினார். “அத்தானுக்குத் தெரியாததா” என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

பாவம், அவளுக்குத் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டேன். தெரியாமலே போகட்டும் என்றும் எண்ணினேன். அடுத்த நாட்களில் அவள் அம்மாவின் புடவைகளை மடித்தாள், அஞ்சறைப்பெட்டியைக் கழுவினாள், எனக்குச் சாதம் வைக்கக் கற்றுக்கொடுத்தாள். ஒவ்வொரு தடவை அவள் “அப்பா” என்று கூப்பிடும்போதும் இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டு நிற்பேன். சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் கிளம்பினாள். டாக்சியில் நானும் போனேன். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்கள். வாசலில் தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நின்றோம். மத்தியான வெயில் புகைமூட்டத்துக்குள்ளிருந்து மஞ்சளாக அடித்தது. எத்தனை மணி நேரம் என்று வழக்கம்போல வாய் கேட்டுவிட்டது.

“இருபத்திரண்டு. நடுவுல ஒரு எடத்துல மாறணும்.”

“டைரக்ட் கெடைக்கலியா?”

“இருந்துச்சு. வேண்டாம்னு தோணுச்சு.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “ஏட்டி, ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துச் சீட்டுக் கணக்கு, ஐந்தரை மணி, நான்கு மணி, அம்மா கிழமை கேட்டது, பதினாறு மணி நேரம்னுதான சொன்னீய என்று கேட்டது, எல்லாம். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியும்ப்பா” என்றாள்.

“எப்பம்?”

“டிக்கெட் போடும்போதே. ரெண்டு ஃபிளைட்டும் ஸ்க்ரீன்ல மேலயும் கீழயுமா இருந்துச்சு. எது எப்ப வந்து சேரும்னு பக்கத்துலயே போட்டிருந்துச்சு. ஆனான்னு ஆரம்பிச்சேன்ல.”

“பின்ன ஏன் டைரக்ட் போட்ட?”

அவள் தோள்பையைச் சரிசெய்துகொண்டாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“நீங்க சொன்னீங்களேப்பா. ஸ்க்ரீன் தப்பா இருக்கும்னு நெனச்சுட்டேன்.”

காவலர் அவளுடைய டிக்கெட்டைக் கேட்டார். காட்டிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்று, சாப்பிடுங்கள் என்று கையால் சைகை காட்டினாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, டாக்சி நிற்கும் இடத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அங்கிருந்த ஒருவரிடம் கேட்டேன்.